விளக்கும் அடுப்பும்: வள்ளலார் வாழ்வில் உருவகமும் பற்றும்

தாமரை முகம் என்றால் உவமை. முகத்தாமரை என்றால் உருவகம். இலக்கணம் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்கும் இவ்வேறுபாடு எளியதுபோலத் தோன்றினும் ஆழம் உடையது. உவமையில் போல என்னும் உருபு வெளிப்பட்டோ தொக்கோ நின்று, இவை இரண்டும் வேறு வேறு பொருள்கள் என்பதை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். உருவகத்தில் அவ்வுருபுக்கு இடமின்றி இரண்டும் ஒன்றாகிவிடும். கவிதைக்கு இது வனப்பு. சமய வாழ்விலோ இதுவே பெருவலிமையாகவும் பேரிடராகவும் அமைந்துவிடுகிறது. இறைவனை ஒளி என்று கொண்ட கூட்டத்தார் விளக்கை வணங்குவர். அவ்வொளியை அறிவித்த ஆசிரியரை வணங்குவர். அவர் அமர்ந்த இடத்தையும் வணங்குவர். விளக்கு எதனைக் குறித்தது என்பது நினைவில் இருக்கும் வரை அவர்தம் பற்று தெளிவுடையதாக இருக்கும். அது மறந்த நாளில், குறித்த பொருளை விட்டுக் குறியையே பற்று பற்றிக்கொள்ளும்.

இவ்விடரைத் தம் வாழ்நாளிலேயே கண்டு, தம்மை உயிரெனப் போற்றிய அன்பர்களோடு அதன்பொருட்டுப் போராடியவர் திருவருட்பிரகாச வள்ளலார் எனப் போற்றப்பெறும் இராமலிங்க அடிகள். கெடிலமும் தென்பெண்ணையும் வளப்படுத்தும் நெல்லிக்குப்பத்திலிருந்து தெற்கும் மேற்குமாகச் சென்றால், நிலக்கரி நகரமாகிய நெய்வேலியை அடுத்து, வடலூரும் கருங்குழியும் மேட்டுக்குப்பமும் ஒன்றுக்கொன்று அணித்தாக அமைந்திருக்கக் காணலாம். அடிகளின் வாழ்வில் கடைசிப் பதினாறு ஆண்டுகள் பெரும்பாலும் இம்மூன்று ஊர்களிலேயே கழிந்தன. சமணம் சென்று தருமசேனர் ஆகிப் பின் திருவதிகையில் சைவத்திற்கு மீண்ட நாவுக்கரசரின் மண்ணும் இதுவே. பற்று எங்கே நிற்க வேண்டும் என்னும் வினா இப்பகுதிக்குப் புதியதன்று. அவ்வினாவிற்கு அடிகளின் வாழ்வு அளித்த விடையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரையும் கண்ணாடியும்

சிதம்பரத்திற்கு வடமேற்கே உள்ள மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் மகனாக இராமலிங்கர் தோன்றினார். கைக்குழந்தையாக இருந்தபோது பெற்றோர் அவரைத் தில்லைக்கு எடுத்துச் சென்றனர் என்றும், சிதம்பர இரகசியத்தின் திரை விலக்கப்பட்டபோது குழந்தை நகைத்தது என்றும் அன்பர்கள் வழிவழியாகக் கூறுவர். திரைக்கு அப்பால் உருவம் ஏதும் இல்லை, வெளியே உள்ளது என்பதே தில்லை உணர்த்தும் செய்தி. பிற்காலத்தில் வடலூரில் ஏழு திரைகளைத் தொங்கவிடப் போகின்றவரின் வரலாறு ஒரு திரையிலிருந்தே தொடங்குவது எண்ணத்தக்கது.

தந்தையார் சில மாதங்களிலேயே மறைந்தார். தாயார் பொன்னேரியை அடுத்த தம் பிறந்த ஊருக்குச் சென்று, பின்னர்ச் சென்னையில் குடியேறினார். தமையனார் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைத் தாங்கினார். தம்பியைக் கற்பிக்க அவர் செய்த முயற்சிகள் வழக்கமான முறையில் பயன் தரவில்லை. இளைஞர் இராமலிங்கர் கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும் பாடிக்கொண்டே வளர்ந்தார். வீட்டு மாடியறையில் கண்ணாடி ஒன்றை வைத்து, அதன்முன் விளக்கேற்றி, அதில் திருத்தணிகை முருகனைக் கண்டார் என்பதும் அவர் வரலாற்றில் இடம்பெறும் செய்தியாகும். கண்ணாடி, விளக்கு, காணும் கண் ஆகிய இம்மூன்றும் அவருடைய சிந்தனையை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

1850இல் தமக்கையார் மகள் தனக்கோடியை மணந்தார். ஆயினும் அவர் உள்ளம் இல்லறத்தில் தோயவில்லை. 1851இல் ஒழிவிலொடுக்கம் என்னும் நூலைப் பதிப்பித்தார்; 1854இல் மனுமுறைகண்ட வாசகத்தை இயற்றினார். அந்நாள்களில் அவர் ஆழ்ந்த சைவர். சம்பந்தரை ஆசிரியராகவும், மணிவாசகரை வழிகாட்டியாகவும், சிவபெருமானைத் தந்தையாகவும் தலைவனாகவும் கொண்டு பாடினார். அக்காலப் பாடல்களில் வரும் மகன், அடிமை, தலைவி என்னும் உறவுகளெல்லாம் பக்தி இலக்கியம் வகுத்துத் தந்த உருவகங்கள். அவற்றினுள் அவர் முழுமையாக வாழ்ந்தார் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். பின்னாளில் அவற்றைக் கடந்து செல்வதற்கு அவர் கொடுத்த விலை எத்தகையது என்பது அப்போதுதான் விளங்கும்.

அன்பரின் நோன்பு

சென்னையில் அவரை அடைந்த அன்பர்களுள் தலையாயவர் தொழுவூர் வேலாயுத முதலியார். முதற்சந்திப்பைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. முதலியார் தாமே இயற்றிய நூறு செய்யுள்களைச் சங்கப் பாடல்கள் என்று கூறி அடிகளிடம் காட்டினார். அடிகளோ படித்துப் பார்த்த அளவில், இவை சங்கப் புலவர் வாக்கல்ல, கற்றுக்குட்டி ஒருவரின் வேலை என்று கூறிவிட்டார். முதலியார் அன்றே மாணவரானார் என்பது அச்செய்தி. பொருளுக்கும் அதன் தோற்றத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் காட்டிய இடத்தில் தொடங்கிய உறவு இது. முதலியார் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் புலவராக விளங்கினார்.

1858ஆம் ஆண்டளவில் அடிகள் சென்னையை நீங்கித் தில்லைப் பகுதிக்கு வந்து, கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். எண்ணெய் என்று கருதி ஊற்றப்பட்ட தண்ணீரால் விளக்கு எரிந்தது என்று அன்பர் போற்றும் நிகழ்ச்சி அவ்வில்லத்திற்கு உரியது. அடிகள் எழுதிய பாடல்கள் பல ஏடுகளாகவும் துண்டுத் தாள்களாகவும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தொகுத்து அச்சிட வேண்டும் என்னும் வேட்கை சென்னை அன்பரான இறுக்கம் இரத்தின முதலியாருக்கு எழுந்தது. அடிகள் இசையாமல் நாள் கடத்தினார். பாடல்கள் கைக்கு வந்து சேரும் வரை நாளொன்றுக்கு ஒருவேளை உணவே கொள்வதென 1860இல் இரத்தின முதலியார் நோன்பு பூண்டார்.

இச்செய்தியை அறிந்த அடிகள் வருந்தி, நோன்பைக் கைவிடுமாறும் பாடல்களை அனுப்புவதாகவும் கடிதம் எழுதினார். இந்நிகழ்ச்சி சிறியதுபோலத் தோன்றும். ஆயினும் அடிகளின் வாழ்வு முழுவதற்கும் இது முன்னுரை எனலாம். இரத்தின முதலியாரின் பற்று ஐயத்திற்கு இடமற்றது. பக்தி மரபில் பசித்திருத்தல் அன்பின் அடையாளம்; இறைவனுக்காகவும் ஆசிரியருக்காகவும் உண்ணாதிருந்தோர் கதைகள் நம்மிடம் ஏராளம். ஆனால் எந்த உயிரும் பசித்திருக்கக் காணப் பொறாத ஒருவருக்கு, பசியையே காணிக்கையாகப் படைத்தல் எப்படி ஏற்புடையதாகும்? அன்பர் உடல்வருத்தத்தால் தம் அன்பைக் காட்டினார். ஆசிரியர் அவ்வருத்தத்தையே முதலில் போக்க விரும்பினார். அன்பு காட்டும் மொழியில் இருவருக்கும் இடையே இருந்த இடைவெளி அப்போதே புலப்பட்டுவிட்டது.

பெயரும் பூசலும்

நோன்பு தொடங்கி ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1867ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், வேலாயுத முதலியார் நான்கு திருமுறைகளாக வகுத்த பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரில் வெளிவந்தன. ஆசிரியர் பெயர் திருவருட்பிரகாச வள்ளலார் எனப் பொறிக்கப்பட்டது. தம்மை இராமலிங்கசாமி என்று வழங்குவதுகூட ஆரவாரமாகத் தோன்றுகிறது, அவ்வாறு அச்சிட வேண்டா என்று முன்னரே கடிதத்தில் கேட்டுக்கொண்டவர் அடிகள். புதிய பெயர் குறித்து அவர் வினவியபோது முதலியார், வள்ளலார் என்பதை வள்ளல் ஆர் எனப் பிரித்து, வள்ளல் யார் என்னும் வினாவாகக் கொள்ளலாம் என்று அமைதி கூறினார் எனச் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. புலவர் ஒருவரின் சொல்நயமாக இதனைச் சுவைக்கலாம். அதனுள் ஓர் உண்மையும் உள்ளது. அருளொளி இறைவனுடையது என்பது அடிகளின் கொள்கை. அவ்வொளியை ஆசிரியர் பெயரோடு பிணைத்தது அன்பரின் ஆர்வம்.

நூல் வெளிவந்ததும் பூசல் எழுந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பன்னிரு திருமுறைகளுக்கே உரிய பெயர்களைத் தம் காலத்தவர் ஒருவரின் பாடல்களுக்கு இடுவது தகாது என்று கடுமையாக எதிர்த்தார். அருட்பா, மருட்பா என இரு கட்சியினரும் கண்டன நூல்களை எழுதிக் குவித்தனர். 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. இப்பூசலை நல்லவர் தீயவர் போராட்டமாகக் காண்பது பொருந்தாது. நாவலரும் பற்றுடையவரே. முன்னோர் வகுத்த திருமுறை என்னும் வரம்பைக் காப்பதில் அவர் பற்று நின்றது. முதலியாரின் பற்று ஆசிரியர் ஒருவரிடம் நின்றது. அடிகளின் நாட்டமோ அதற்குள் வேறு திசையில் சென்றுவிட்டிருந்தது. நூலின் பெயரைப் பற்றிக் கற்றோர் வழக்கிட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

பசி என்னும் பொருள்

1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்னும் அமைப்பை அடிகள் நிறுவியிருந்தார். சாதி, சமய வேறுபாடு கருதாமல் எல்லா உயிரையும் தம் உயிர்போல் எண்ணும் ஒருமைப்பாடே அதன் கொள்கை. இக்கொள்கைக்குக் கண்கூடான வடிவம் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் அமைந்தது. ஊர் மக்கள் மனமுவந்து அளித்த ஏறத்தாழ 80 காணி நிலத்தில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்துவருகிறது. வருவோரின் குலமோ சமயமோ அங்கே கேட்கப்படுவதில்லை. பசி ஒன்றே தகுதி.

சாலையின் உள்ளக் கருத்தை விளக்க எழுந்த உரைநடை நூல் ஜீவகாருண்ய ஒழுக்கம். தமிழ் உரைநடையில் உருவகத்தின் பயனை அறிய விரும்புவோர் இந்நூலைத் தவறாது கற்க வேண்டும். அதில் பசி பல உருவங்களை எடுக்கிறது. ஏழையின் உடலில் பற்றி எரியும் நெருப்பாக ஓரிடத்தில் வருகிறது. அறிவாகிய விளக்கை அவிக்க வீசும் நச்சுக்காற்றாக மற்றோரிடத்தில் வருகிறது. உயிர்மேல் பாய வரும் புலியாகவும், தலைக்கேறும் நஞ்சாகவும் வருகிறது. இவை அணிநலம் கருதி அடுக்கப்பட்டவை அல்ல. ஒவ்வோர் உருவகமும் தன்னுள் ஒரு கட்டளையைக் கொண்டுள்ளது. நெருப்பு என்றால் அவிக்க வேண்டும். காற்று என்றால் தடுத்து விளக்கைக் காக்க வேண்டும். புலி என்றால் விரட்ட வேண்டும். நஞ்சு என்றால் இறக்க வேண்டும். கற்பவரைக் கேட்டு மகிழ்பவராக இருக்க விடாமல், எழுந்து செயல்பட வைக்கும் உருவகங்கள் இவை.

இவற்றுள் விளக்கு உருவகம் தனித்து நோக்கத்தக்கது. உயிர்களின் உடம்பே இறைவன் விளங்கும் ஆலயம்; அங்கே எரியும் விளக்கு அறிவு; அதனை அணைக்க வரும் காற்று பசி. இவ்வாறு கொண்டால், பசித்தவனுக்கு இடும் ஒருபிடிச் சோறு கோயில் விளக்கு அணையாமல் காக்கும் திருத்தொண்டு ஆகிறது. பூசை என்னும் சொல்லுக்கு இதனினும் துணிவான பொருளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகம் கண்டதில்லை என்று கூறின் மிகையாகாது.

சாலைப் பணியை ஏற்று நடத்திய அன்பர்களுள் கல்பட்டு ஐயா என்னும் துறவியார் குறிப்பிடத்தக்கவர். திருநறுங்குன்றத்தில் யோகம் பயின்றுகொண்டிருந்த அவரை அடிகளே வடலூருக்கு அழைத்துவந்தார். தனித்திருந்து தவம் செய்யும் பயிற்சியிலிருந்தவர், ஊரார் பசியாறும் கூடத்தில் தம் நாள்களைக் கழித்தார். ஆசிரியர் மேல் கொண்ட பற்று அடுப்பின்மேல் கொண்ட பற்றாக மாறியதற்கு இவர் சான்றாவார்.

சன்மார்க்கக் கூட்டத்திற்கு எல்லையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கொலையும் புலையும் தவிர்த்தோரை அக இனத்தார் என்றும், தவிராதோரைப் புற இனத்தார் என்றும் அடிகள் வகுத்தார். ஆயினும் புற இனத்தாருக்கும் பசி நீக்குதல் கடன் என்பது அவர் துணிபு. கொள்கைக்கு எல்லை உண்டு. சோற்றுக்கு எல்லை இல்லை. கூட்டத்தாரின் பற்று அந்நியரின் பசிமுன் நிற்கும்போதுதான் சோதிக்கப்படுகிறது என்பதை இந்த ஏற்பாடு உணர்த்துகிறது.

ஏழு திரைகள்

சாலை தோன்றி ஐந்தாண்டுகளுக்குப் பின்னரே சபை எழுந்தது. எண்கோண வடிவில் அமைந்த சத்திய ஞானசபையில் 1872ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், தைப்பூசத்தன்று, வழிபாடு தொடங்கிற்று. அங்கே சிலை இல்லை. உள்ளே விளக்கும் கண்ணாடியும் உள்ளன. அவற்றின்முன் கருமை, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என்னும் ஏழு நிறத் திரைகள் தொங்குகின்றன. தைப்பூசத்தன்று அவை ஒவ்வொன்றாக விலக, ஒளி தோன்றுகிறது. உயிரின் அறிவை மறைக்கும் திரைகள் நீங்கினால் உள்ளிருக்கும் ஒளி தானே விளங்கும் என்பது இதன் உள்ளுறை. உடம்பினுள் நிகழ வேண்டிய ஒன்றைக் கட்டடமாக எழுப்பிக் காட்டினார் எனலாம். சொல்லால் அன்றிக் கல்லாலும் துணியாலும் சுடராலும் இயற்றப்பட்ட உருவகம் அது.

சாலை முந்தியது, சபை பிந்தியது என்னும் வரிசை தற்செயலானது அன்று. மனித உடம்பில் எரியும் விளக்கைக் காக்கக் கற்றவனே சபையில் எரியும் விளக்கின் பொருளை அறிவான். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் கண்டு திரும்புவோன், உவமையைக் கண்டு பொருளைக் காணாதவன் ஆவான். சாலையும் சபையும் ஒரே உருவகத்தின் இரு பகுதிகள். ஒன்றைப் பிரித்தால் மற்றொன்று பொருள் இழக்கும்.

1872ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சபை வழிபாட்டிற்கு அடிகள் விதிகளை வகுத்தார். உள்ளே சென்று விளக்கிடுவோரும் தூய்மை செய்வோரும் பன்னிரண்டு வயதிற்கு உட்பட்டவராகவோ, எழுபத்திரண்டு வயதிற்கு மேற்பட்டவராகவோ இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதிகாரமும் ஆசையும் மிகுந்த நடுவயதினரை விளக்கருகே விடாத இவ்விதியில், சமய நிறுவனங்களைக் கூர்ந்து நோக்கிய ஒருவரின் அனுபவம் தெரிகிறது. அவ்வாண்டிலேயே சங்கத்தின் பெயரிலிருந்த வேதம் என்னும் சொல் நீங்கிச் சுத்தம் என்னும் சொல் புகுந்தது. சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்னும் புதிய பெயர், பழைய வரம்புகளிலிருந்து அடிகள் முற்றிலும் விடுபட்டமையைப் பறைசாற்றியது.

மேட்டுக்குப்பத்து உரை

1870 முதல் அடிகள் மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகம் எனப் பெயரிடப்பெற்ற மாளிகையில் உறைந்தார். 1873ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அங்கே சன்மார்க்கக் கொடியை ஏற்றி, நீண்ட உரை ஒன்றை நிகழ்த்தினார். பேருபதேசம் என அன்பர் வழங்கும் அவ்வுரையில், மஞ்சளும் வெள்ளையும் கொண்ட அக்கொடி துணியின் நிறமன்று, உந்தி முதல் புருவநடு வரை உடம்பினுள்ளே ஓடும் ஒரு நாடியின் குறி என்று விளக்கினார். கொடியை ஏற்றிய அந்நாளிலேயே, அது குறியே என்பதையும் சொல்லிவிட்டார்.

அதனினும் பெரிது, சமயங்கள் எவ்வாறு உருவகத்தில் சிக்கின என்று அவர் கூறிய பகுதி. முன்னோர் தத்துவக் கருத்துகளுக்கு ஊரும் பேரும் ஊர்தியும் படைக்கலமும் கொடுத்து, மனிதருக்கு உறுப்பு அமைப்பதுபோல் தெய்வத்திற்கு அமைத்துக் காட்டினர். பின்வந்தோர் அவற்றை உள்ளபடியே உண்மை என்று கொண்டு உட்பொருளை இழந்தனர் என்பது அவர் கருத்து. ஒரு கூட்டத்தார் உருவகத்தின் வழியாகப் பக்தியை எவ்வாறு கற்கின்றனர், எவ்வாறு அதனாலேயே வழிதவறுகின்றனர் என்னும் ஆராய்ச்சியை இக்காலத்துச் சமயவியலார் விரிவாகச் செய்கின்றனர். அதன் சாரத்தை மேட்டுக்குப்பத்து மக்கள் முன்னிலையில் எளிய பேச்சுத் தமிழில் அவர் அன்றே வைத்தார்.

அதோடு அவர் நிற்கவில்லை. தமக்குச் சைவத்தின்மேல் இருந்த பற்று அளவிட முடியாதது என்றும், வேலாயுத முதலியார் முதலானோர் அதனை அறிவர் என்றும், தம் பழைய பாடல்களே அதற்குச் சான்று என்றும், அக்காலத்தில் தம் அறிவு சிறிதாக இருந்தமையே அதற்குக் காரணம் என்றும் வெளிப்படையாகக் கூறினார். அவையில் இருந்தோரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பாடல்களுக்காகவே ஒருவர் ஒருவேளை உண்டு கிடந்தார். அப்பாடல்களுக்குத் திருமுறை என்னும் பெயர் தந்தமைக்காகவே மற்றொருவர் கண்டனங்களைத் தாங்கினார். அவற்றைப் பாடியவரே இப்போது அவற்றைக் கடந்து செல்லுமாறு அழைக்கிறார். ஆசிரியரைப் பின்பற்றுவதா, ஆசிரியர் முன்பு பாடியதைப் பின்பற்றுவதா? எந்தக் கூட்டத்திற்கும் இதனினும் கடினமான சோதனை இருக்க முடியாது.

புறத்தே வைத்த விளக்கு

தம் உருவத்தின்மேல் அன்பர் கொண்ட பற்றையும் அடிகள் ஊக்கவில்லை. பண்ணுருட்டியைச் சேர்ந்த குயவர் ஒருவர் அவர் உருவத்தை மண்ணால் வடித்து வந்து கொடுத்தபோது, பொன்னுடம்பாக வேண்டியது மண்ணுடம்பு ஆயிற்றே என்னும் கருத்துப்படக் கூறி அதனைக் கீழே விட்டுவிட்டார் என்பர். அது உடைந்து சிதறியது. செய்து கொணர்ந்தவரின் மனம் நொந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. எவ்வுயிர் வருந்தவும் பொறாத அடிகள் இதனைச் செய்தார் என்றால், உருவ வழிபாட்டில் தம்மைச் சூழ்ந்தோர் முடங்கிவிடுவர் என்னும் அச்சம் அவருக்கு எவ்வளவு இருந்திருக்க வேண்டும்!

1873ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்களில், சித்திவளாகத்தில் தம் அறையினுள் எரிந்த விளக்கை எடுத்துவந்து வெளியே வைத்து, இனி இதனை வழிபடுமாறு அன்பர்களைப் பணித்தார். 1874ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், தைத்திங்கள் நள்ளிரவில், அறையினுள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு அகவை ஐம்பது. அவர் மீண்டும் வெளிவரவில்லை. அரசு அலுவலர்கள் பின்னர் வந்து திறந்து பார்த்தபோது அறை வெறுமையாக இருந்தது என அன்பர்கள் போற்றுவர். 1878இல் வெளியான தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டிலும், பூட்டிய அறையும் இறைவனோடு அவர் கலந்தார் என்னும் அன்பர் நம்பிக்கையும் குறிக்கப்பெற்றுள்ளன. இராமலிங்கர் என்னும் உருவம் அறைக்குள்ளே மறைய, விளக்கு வெளியே நின்றது.

இறுதிக் காலத்தில் அவர் கூறியதாக வழங்கும் ஓர் உருவகம் தமிழர் அனைவரும் அறிந்தது. கடையைத் திறந்து வைத்தும் சரக்கை வாங்குவார் இல்லாமையால் மூடிச் செல்லும் வணிகராகத் தம்மை அவர் கூறிக்கொண்டார் என்பர். சாலையில் நாள்தோறும் கூட்டம், சபையில் தைப்பூசத்திற்குத் திரள், கடிதந்தோறும் வணக்கம். அவ்வாறிருந்தும் கொள்வார் இல்லை என்பது ஏன்? கடைக்காரரைக் காண வந்தோர் பலர். அவரைப் புகழ்ந்தோர் பலர். சரக்கை எடுத்துச் சென்று தம் வீட்டில் பயன்படுத்தியோர் சிலரே என்பது இதன் கருத்தாகலாம். பற்றின் மிகுதியை அவர் மறுக்கவில்லை. அது சென்று நின்ற இடத்தையே எண்ணி வருந்தினார்.

பின்வந்த நாள்கள்

ஆசிரியர் மறைந்தபின் அன்பர்களின் பற்று பல வழிகளில் சென்றது. ஐந்தாம் திருமுறை 1880இல் வெளிவந்தது. அடிகளின் முதிர்ந்த கருத்துகள் அடங்கிய ஆறாம் திருமுறையை வேலாயுத முதலியார் வெளியிடவில்லை. அது வேறு அன்பர்களின் முயற்சியால் 1885இல் அச்சேறியது. நெடுங்காலம் உடனிருந்த மாணவர் பொறுத்திருந்ததும் பற்றே. உலகம் அறிய வேண்டும் என்று மற்றையோர் விரைந்ததும் பற்றே. முதலியார் 1882இல் பிரம்மஞான சபையார்முன் தம் ஆசிரியரைப் பற்றி விரிவான வாக்குமூலம் அளித்து, தம் நன்றிக்கடனை வேறு வகையில் ஆற்றினார்.

அடிகள் மறைந்து இரண்டாண்டுகளில், 1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. பசி புலியாகப் பாயும் என்று அவர் எழுதியது அணியாகத் தோன்றியவர்களுக்கு அது வெறும் அணியன்று என்பதை அப்பஞ்சம் காட்டியிருக்கும். உருவகம் முழு உண்மையாகிவிடும் காலங்களும் உண்டு. அவற்றைத் தாங்குவதற்கு அடுப்பு முன்னரே மூட்டப்பட்டிருக்க வேண்டும்.

இன்று அடிகளின் உருவப்படம் இல்லாத சன்மார்க்க நிலையத்தைக் காண்பது அரிது. இதனைக் குறையென்று எள்ளுவதும் முறையன்று; அன்பு தனக்கு ஒரு முகத்தைத் தேடுவது இயல்பு. 2024இல் சபையின் முன்னுள்ள பெருவெளியில் பன்னாட்டு மையக் கட்டடம் எழுப்பும் அரசின் திட்டத்தை அன்பர்களுள் ஒரு சாரார் எதிர்த்தபோது, ஏனையோருக்கு அது வெற்றிடம் பற்றிய வழக்காகத் தோன்றியிருக்கலாம். எதிர்த்தோருக்கோ அவ்வெளியும் சபையைப் போலவே பொருளுடைய ஒரு குறி. உருவகம் ஒன்று நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு கூட்டத்தைப் பிணைத்து நிற்கும் வலிமையை இதனால் அறியலாம்.

கவிதை செய்வோருக்கு அடிகளின் வாழ்வு விட்டுச்சென்ற பாடம் ஒன்று உண்டு. உருவகம் படைப்பவர், தாம் நீக்கிய உருபைப் படிப்பவர் மீட்டுக்கொள்ள வழி வைக்க வேண்டும். அடிகள் அதற்குச் சொல்லை மட்டும் நம்பவில்லை. விளக்கு என்னும் உருவகத்தின் பொருளை ஐயமற அறிவிக்க, அதற்கு முன்பே ஓர் அடுப்பை மூட்டி வைத்தார். தைப்பூச நாளில் வடலூர் செல்வோர் ஏழு திரை நீங்கிய சுடரைக் கண்டு, பின்னர்ச் சாலைக்குச் சென்று பந்தியில் அமர்கின்றனர். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் யார், எவ்வூரார், எக்குலத்தார் என்பதை எவரும் வினவுவதில்லை. இலை விரிக்கப்படுகிறது, சோறு பரிமாறப்படுகிறது.